சராசரி எடுத்தா ஷாஃப்ட் உள்ள போவாது

முகூர்த்த நாளுக்கு மறுநாள் பதினோராம் வகுப்பில் முதல் பீரியட் எடுப்பது எனக்கு மிகவும் கஷ்டம். கடைசி இரண்டு பெஞ்சும் தூங்கும். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகிய பிள்ளைகள் அவர்கள். முந்தைய இரவு ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி வரை பரிமாறிவிட்டு, பாத்திரம் ஏற்றிய வண்டியிலேயே இரண்டு மணிக்கு வீடு வந்திருப்பார்கள். ஒருவன் விடியற்காலையில் காசிமேட்டுக்கு ஐஸ் பெட்டி தூக்கப் போகிறான். ஒருவன் தண்ணீர் கேன் போடுகிறான். இன்னொருவன் அண்ணன் பெயரில் இருக்கும் ஐடியில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். எதற்கடா என்று கேட்டால், "அம்மாவோட குழுக் கடன் மிஸ், வாரா வாரம் கட்டணும்" என்பான். அதற்கு மேல் எனக்குக் கேட்க வாய் வராது.

வடசென்னையில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினெட்டு வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளை வேலைக்கு அனுப்பக்கூடாது, படிக்க வைக்க வேண்டும் என்று எல்லாப் பெற்றோர் கூட்டத்திலும் பேசியிருக்கிறேன். அதே நேரத்தில், என் வகுப்பில் பாதிப் பையன்கள் ஏற்கெனவே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டும் என் மனதில் பல வருடம் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி பேசாமலே குடியிருந்தன. பந்தி பரிமாறுகிறவன் பத்து வருடம் பரிமாறினாலும் அதே இலைக்கு அதே சாம்பார்தான். கேன் தூக்குகிறவனுக்குத் தோள்தான் தேயும். அவர்கள் செய்யும் வேலை எதுவும் அவர்களுக்கு எதையும் கற்றுத்தருவதில்லை. இது மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது. உறைக்க வைத்தவன் என் மாணவன் ஒருவன்.

பதினோராம் வகுப்புச் செய்முறையில் முதல் சோதனையே வெர்னியர் அளவிதான். கோளத்தின் விட்டத்தை அளந்து, நிலைமத் திருப்புத்திறன் கண்டுபிடிக்க வேண்டும். நான் மீச்சிற்றளவு, அதாவது அந்தக் கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, என்றால் என்ன என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் அதற்குள் அளவியைக் கையில் எடுத்து, தாடைகளை மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். "ஜீரோ எரர் இருக்கு மிஸ்" என்றான். மூடினாலும் அளவி பூஜ்யம் காட்டவில்லை என்று அர்த்தம். பிறகு, "இதுல பாயிண்ட் ஜீரோ டூ எம்எம் வராதா? மாமா பட்டறையில வரும்" என்றான். வியாசர்பாடியில் அவனுடைய மாமா ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இவன் அங்கே நிற்பான்.

எனக்கு மறக்காமல் இருப்பது அதற்குப் பிறகு நடந்தது. எல்லாரும் ஆறு அளவீடு எடுத்து, கூட்டி, ஆறால் வகுத்துச் சராசரி எழுதினார்கள். இவன் மட்டும் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். ஏன் என்று கேட்டேன். "ஏன் மிஸ் சராசரி எடுக்கறோம்? சராசரி எடுத்தா ஷாஃப்ட் உள்ள போவாது. ஒரு எடத்துல தடிச்சிருந்தாகூட பேரிங்ல நின்னுடும். ஜாப் ரிஜெக்ட்தான்." ஷாஃப்ட் என்பது பேரிங் வளையத்துக்குள் பொருந்திச் சுழலும் தண்டு. ஜாப் என்றால் பட்டறையில் செய்யும் பொருள். நான் பதில் சொல்லத் தடுமாறினேன். அளவிடுகிறவரின் பிழையைக் குறைப்பதற்காகச் சராசரி, செய்த பொருள் முழுக்கச் சரியா என்று பார்ப்பதற்குச் சராசரி உதவாது என்று மறுநாள்தான் ஒழுங்காக விளக்கினேன். பிழைகளைப் பற்றிய பாடத்தை இத்தனை வருடத்தில் அன்றுதான் நான் சரியாக நடத்தினேன் என்று நினைக்கிறேன். வகுப்பே கேட்டது. கடைசி பெஞ்சும் கேட்டது.

அந்தப் பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான். மார்க் சுமார்தான். இன்று ஒரு கம்பெனியில் 'ஹெல்பர்' என்று இருக்கிறான். மாமா பட்டறையில் இரண்டு வருடம் அவன் கற்றது எந்தத் தாளிலும் இல்லை. அதைக் கற்றான் என்று சொல்ல யாரும் கையெழுத்துப் போடவில்லை.

கூட்டத்தில் நடந்தது

எனக்கு ஓர் எண்ணம் பிடித்துக்கொண்டது. பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைகளில் விரும்புகிறவர்கள், பள்ளியை விடாமலே, வாரத்தில் ஒன்றரை நாளோ இரண்டு நாளோ ஒரு தொழிற்சாலையில் முறையான அப்ரண்டீஸாக, அதாவது தொழில் பழகுகிறவராக, இருந்தால் என்ன? நாங்கள் இருப்பது எங்கே? பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். முதல் வந்தே பாரத் ரயிலை 2018இல் செய்து அனுப்பியதே அந்த இடம்தான். எண்ணூரில் லாரி செய்கிறார்கள். திருவொற்றியூரில் புல்லட் பைக்கும் டயரும் செய்த ஊர்க்காரர்கள் நாங்கள். வியாசர்பாடி சிட்கோ தொழிற்பேட்டையில் தெருத்தெருவாகப் பட்டறை. இவ்வளவும் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்க, எங்கள் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை என்றால் தெரிவது சங்குச் சத்தமும் கன்டெய்னர் லாரி வரிசையும் மட்டும்தான்.

இது வேறு இடங்களில் நடக்காத விஷயமும் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 1991இல் இதற்காகவே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். நம் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான் அவர்களுக்கும். வருடத்துக்கு 450 மணி நேரம் வேலையிடத்தில். அதற்குச் சம்பளம் உண்டு, அதற்குரிய பாடம் பள்ளியிலேயே உண்டு, பள்ளிப் படிப்புக் கணக்கிலும் அது சேரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேலையிடத்தில் ஒரு மூத்தவர் பொறுப்பு. என்னென்ன கற்க வேண்டும் என்ற பட்டியல் அவர் கையில் இருக்கும். ஒவ்வொன்றையும் பிள்ளை செய்து காட்டிய பிறகு அவர் குறிப்பார். 450 மணி நேரம் என்றால் எட்டு மணிக் கணக்கில் 56 நாள். எங்கள் பையன்கள் ஒரு வருடத்தில் மண்டபங்களில் கழிக்கும் இரவுகள் அதைவிடக் குறைவாக இருக்காது.

இதையெல்லாம் குறித்துக்கொண்டு போய் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஆசிரியர் பிரதிநிதியாகப் பேசினேன். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கோரிக்கைத் தீர்மானம் போடலாம் என்றேன். நன்றாகத்தான் பேசினேன். தலைமையாசிரியர் தலையாட்டினார். அப்போது பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்தார். மாநகராட்சித் துப்புரவுப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளி. வேலை முடித்து அப்படியே வந்திருந்தார்.

"மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையனும் பதினொண்ணுதான படிக்கிறான். அவன அனுப்புவீங்களா?"

என் மகன் ஒரு தனியார் பள்ளியில் ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வுப் பயிற்சியோடு சேர்த்துப் படிக்கிறான். அவருக்கு அது தெரிந்திருந்தது. எல்லாருக்கும் தெரியும். நான் ஏதோ சொன்னேன். அவனுக்கு விருப்பம் வேறு என்பது மாதிரி. அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை. "சரி மிஸ்" என்று உட்கார்ந்துவிட்டார். தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தோம்.

அந்தக் கேள்வி நான்கு மாதம் என்னைத் தூங்கவிடவில்லை. இந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு எவ்வளவு வயது என்று எனக்குத் தெரியும். 1953இல் அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்து, மறுவருடமே காமராஜர் கையால் முடிவுக்குக் கொண்டுவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கைவினைத் தொழில் செய்கிறவர்களுக்காக மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தபோது, குடும்பத் தொழில் என்ற நிபந்தனை எதற்கு, பதினெட்டு வயது எதற்கு என்று தமிழ்நாடு கேட்டதும் அதே கேள்விதான். யார் வீட்டுப் பிள்ளை பட்டறைக்குப் போகும், யார் வீட்டுப் பிள்ளை பட்டணம் போகும் என்ற கேள்வி. அந்தக் கேள்வி கேட்கப்பட்டதால்தான் நான் ஆசிரியர். அதைக் கேட்ட ஓர் அம்மாவுக்கு நான் மழுப்பலாகப் பதில் சொன்னேன் என்பது எனக்குத் தாங்கவில்லை.

அப்பா சொன்னது

என் அப்பாவும் அப்ரண்டீஸ்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, பதினேழு வயதில், எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டர் அப்ரண்டீஸாகச் சேர்ந்தார். 1961ஆம் வருட அப்ரண்டீஸ் சட்டத்தில் சேர்ந்தவர் என்று இன்றும் பெருமையாகச் சொல்வார். மத்திய அரசு கொடுத்த அந்தச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் 'அப்ரண்டீஸ் முடிச்சவர்' என்றால் பெண் கொடுப்பார்கள். இன்று அதே வார்த்தையை எங்கள் பையன்கள் 'சம்பளம் கம்மியா குடுக்கறதுக்கு வச்ச பேரு' என்கிறார்கள். அதுவும் பொய் இல்லை. கற்றுக்கொடுக்காமல் வேலை மட்டும் வாங்கி, வருடம் முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்தை எடுக்கும் இடங்கள் இருக்கின்றன. என் மாணவர்கள் சிலரே அப்படிப் போய்வந்தவர்கள்.

கூட்டத்தில் நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவர் முதலில் சொன்னது நான் எதிர்பார்த்ததுதான்: "நான் கிரீஸ்ல கை வச்சதே நீங்க வைக்கக்கூடாதுன்னுதாம்மா." பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அவர் பேசியதைத்தான் நான் இங்கே எழுத உட்கார்ந்தேன்.

முதல் மூன்று மாதம் வெறும் அரம்தான் என்றார். ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, ஆறு பக்கமும் நேராக ராவச் சொல்வார்கள். மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் இன்ஸ்ட்ரக்டர். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் திரும்பவும் வைஸில் மாட்ட வேண்டும். உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, காய்த்துப்போனது. "ஆனா அந்த ஆளு என்னைத் திட்டும்போதுகூட என் ஜாப்பைத்தான் திட்டுவாரு. என்னைத் திட்ட மாட்டாரு. பள்ளிக்கூடத்துல என்னைத்தான் திட்டுவாங்க" என்றார். நான் ஆசிரியர். அந்த வார்த்தை என்னைச் சுட்டது.

"அப்ப எதுக்குப்பா எங்களை வேணாம்னீங்க?" என்று கேட்டேன். "கிரீஸ் எனக்குக் கஷ்டமே இல்ல. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு, நான் தொழில் சொல்லிக்கொடுத்த டிப்ளமோ பையன் எனக்கு மேலதிகாரியா வந்தான். நல்ல பையன்தான். ஆனா நான் அந்த நாற்காலிக்குப் போகவே முடியாது. எனக்குக் கையில தொழில் இருந்துச்சு. மேல போற படி இல்ல. அதுக்காகத்தான் உங்களைப் படிக்க வச்சேன்."

இத்தனை வருடம் அப்பா தொழிலையே வெறுத்தார் என்று நான் தவறாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வலித்தது, மேலே போகவிடாமல் தடுத்த கூரை. அந்தக் கூரையை உடைக்காமல் எந்தப் பிள்ளையையும் அந்த அறைக்குள் அனுப்பச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உடைத்துவிட்டால்? அப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

படி எங்கே இருக்கிறது

படி கொஞ்சம் இருக்கிறது, அப்பா காலத்தைவிட அதிகமாகவே. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். 2024 முதல் தமிழ்ப் புதல்வன், அதற்கு முன்பே புதுமைப் பெண் என்று, அரசுப் பள்ளியில் படித்து மேலே போகிறவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது. ஐ.டி.ஐ. சேர்ந்தாலும் உண்டு. அப்ரண்டீஸ் உதவித்தொகைக்கும் 2019இல் விதி வகுத்து, பத்தாவது முடித்தவருக்கு மாதம் 6000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றார்கள். அந்தத் தொகையில் ஒரு பங்கை அரசே ஏற்கும் ஏற்பாடும் வந்தது.

ஆனால் இந்த வழிகள் பெரும்பாலும் பள்ளியை முடித்தவரையோ விட்டவரையோ பார்த்து வைத்தவை. என் வகுப்புப் பையன் பதினாறு வயதில், பள்ளியில் இருந்துகொண்டே, ஒரு கை அங்கே ஒரு கை இங்கே என்று பிடிக்க வழி இல்லை. ஒரு காலத்தில் அதற்கும் ஒரு கதவு திறந்தார்கள். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. எங்கள் பள்ளியிலேயே ஜெனரல் மெஷினிஸ்ட் பிரிவு இருந்திருக்கிறது. ஆசிரியர் ஓய்வு பெற்றார், வேறு ஆளைப் போடவில்லை, பிரிவு போய்விட்டது. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் அந்தப் பழைய லேத் இன்னும் நிற்கிறது. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். அந்தப் பிரிவில் ஒரு குறை இருந்தது என்று நான் நினைக்கிறேன். தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்து பூட்டினார்கள். வெளியே மெஷின் மாறிக்கொண்டே இருந்தது, கொட்டகைக்குள் மாறவில்லை. பிள்ளையை மெஷின் இருக்கிற இடத்துக்குக் கூட்டிப்போய், திரும்பப் பள்ளிக்குக் கூட்டி வருவதுதான் சரி.

திரும்பக் கூட்டி வருவது முக்கியம். ஜெர்மனியைப் பற்றிப் புகழ்ந்து பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அங்கே தொழிற்பயிற்சி அருமைதான். வாரத்தில் மூன்று நான்கு நாள் தொழிற்சாலை, மீதி தொழிற்பள்ளி. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்பு முடித்த பத்து வயதுப் பிள்ளையை இந்தப் பள்ளி, அந்தப் பள்ளி என்று பிரித்துவிடுகிறார்கள். அது நமக்கு வேண்டாம். நம் ஊரில் பத்து வயதில் பிரித்தால் எந்தக் கோட்டில் பிரியும் என்று எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டாவது தேர்வை எல்லாரும் ஒன்றாக எழுத வேண்டும். அப்ரண்டீஸாகப் போன பிள்ளை மனம் மாறி இயற்பியல் படிக்கவோ சட்டம் படிக்கவோ போனால், தாராளமாகப் போக வேண்டும். அவன் கற்றது வீணாகாது.

சிட்கோவில் ஒரு பட்டறை உரிமையாளரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒளிக்காமல் பேசினார். "ஒரு பையனுக்குக் கத்துக்குடுக்க ஆறு மாசம் என் மெஷின் மெதுவா ஓடணும் டீச்சர். அவன் கத்துக்கிட்டதும் பக்கத்துக் கம்பெனிக்காரன் ஆயிரம் ரூபா கூட குடுத்து இழுத்துக்குவான். நான் எதுக்குக் கத்துக்குடுக்கணும்?" அப்படியானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் லேத்தில் நின்ற ஆளைக் காட்டினார். "அவருக்கு அம்பத்தெட்டு. அவருக்கு அப்புறம் எனக்கு ஆள் இல்ல." பிறகு அவரே சொன்னார், பள்ளிக்கூடம் பொறுப்பு எடுத்துக்கொண்டு, பையன் இரண்டு வருடம் ஒழுங்காக வருவான் என்று இருந்தால் இரண்டு பேரை எடுத்துக்கொள்வேன் என்று. அவருக்கு வேண்டியது சலுகை விலையில் ஒரு கூலியாள் என்றால் நான் எழுந்து வந்திருப்பேன். அவருக்கு வேண்டியது, அந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரர் கையில் இருப்பதை வாங்கிக்கொள்ள ஒருவர்.

பயமும் உண்டு. அதைத் தாண்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவு எண்ணூரில் அமோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊர் இது. அதே மாதம்தான் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து வலையெல்லாம் கறுப்பானது. இங்கே ஒரு தாய் தொழிற்சாலையைப் பார்த்துப் பயந்தால், அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆபத்தான தொழில் என்றால் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரை அப்ரண்டீஸாகவே எடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ரசாயனம், உலை, பிரஸ் என்று எதுவும் கிடையாது. அளவைப் பிரிவு, அசெம்பிளி, வரைபடம், பாதுகாப்போடு லேத், அவ்வளவுதான் என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும். இரவு ஷிப்ட் கூடவே கூடாது. வாரம் ஒருமுறை பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் போய்ப் பார்க்க வேண்டும். யாரும் போகாவிட்டால் நான் போகிறேன்.

அடுத்த கூட்டம்

என் மகனிடம் கேட்டேன். சட்டம் இருந்து, இடம் இருந்து, உன் பரீட்சைக்கும் இடைஞ்சல் இல்லை என்றால் போவாயா என்று. அவன் கேட்டது, "எனக்கு எதுக்கும்மா?" நான் கேட்டது, "அவங்களுக்கு மட்டும் எதுக்குடா?" அவன் பதில் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கத் தாத்தாவிடம் போய் ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் இரவு வந்து, "போயிருப்பேன்னு நினைக்கிறேன்" என்றான். நினைக்கிறேன் என்றுதான் சொன்னான். அதை அப்படியே எழுதுகிறேன்.

இந்த மாதக் கூட்டத்துக்கு அந்த அம்மாவும் வந்திருந்தார். நான் தீர்மானத்தைப் படிப்பதற்கு முன் அவரைப் பார்த்துச் சொன்னேன்: "போன தடவை நீங்க கேட்டதுக்கு நான் நேரா பதில் சொல்லலை. மேல போற படியோட, எல்லாப் பள்ளிப் பிள்ளைங்களுக்கும் ஒண்ணா வந்துச்சுன்னா, என் பையனை அனுப்புவேன். படி இல்லாம வந்தா, உங்க பிள்ளையையும் அனுப்பாதீங்கன்னு நானே வந்து சொல்லுவேன்."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "எனக்குப் பையன் இல்ல மிஸ். பொண்ணுதான்" என்றார். அவர் மகள் என் வகுப்பில்தான் இருக்கிறாள், இரண்டாம் பெஞ்ச். நான்கு மாதம் இதை யோசித்த நான், அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது ஒரு பெண் பிள்ளை என்று ஒருதரம்கூட நினைக்கவில்லை. "பசங்க, பசங்கன்னே சொல்றீங்க. எம் பொண்ணு வீட்டு மிக்ஸியக் கழட்டி மாட்டுது. பன்னெண்டு முடிச்சா பஸ் அனுப்பிக் கூட்டிட்டுப் போறாங்க, செல்போன் கம்பெனிக்கு. எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு ரெண்டு வருஷமா ஒரே ஸ்க்ரூவப் போட்டுக்கிட்டிருக்கு. அதுக்கு இது மேல்னா, இதுல எம் பொண்ணுக்கு எடம் இருக்கா?"

தீர்மானப் புத்தகம் என் முன்னால்தான் இருந்தது. முந்தின நாள் இரவு நானே எழுதிய வரிகள். 'மாணவர்கள்' என்று ஏழு இடத்தில் எழுதியிருந்தேன். பேனாவை எடுத்து, ஏழு இடத்திலும் மேலே சின்னதாக 'மாணவியர்' என்று சேர்த்தேன். அந்த அம்மா பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.